நூற்று முப்பது மில்லிமீட்டர்

கெதினின் கடையில் இரண்டும்
பக்கத்துப் பக்கத்துக் கொக்கியில் தொங்குகின்றன.
வெளியே வேல்ஸ் மழை,
பெய்கிறதா நின்றுவிட்டதா என்று
தனக்கே தெரியாத மழை.

ஒன்று ஹார்ட்டெயில்.
முன்னால் மட்டும் ஃபோர்க்; பின்னால் வெறும் எலும்பு.
ஆயிரத்து இருநூறு பவுண்டு.
மற்றது ஃபுல் சஸ்பென்ஷன்.
நடுவயிற்றில் நூற்று முப்பது மில்லிமீட்டர் அமுங்கும் ஷாக்,
அதைச் சுற்றி ஏழெட்டு மூட்டுகள்,
போன வருஷத்து மாடல், இரண்டாயிரத்து முந்நூறு.
"உனக்காக இருநூறு" என்கிறான் கெதின்,
எல்லோரிடமும் சொல்லும் அதே குரலில்.

என் இடது மணிக்கட்டில் ஆறு திருகாணிகள்.
பனி உறைந்த யார் வீட்டுப் படியிலோ விழுந்தேன்,
கையில் அவர்களுடைய மின்கட்டணக் கடிதம்.
எக்ஸ்ரேயைக் காட்டி நல்ல வேலைப்பாடு என்றார் டாக்டர்,
தான் செய்த மேஜையைத் தட்டிப் பார்க்கும் தச்சனைப்போல.

நெரிஸ் ஹார்ட்டெயில் கட்சி.
இருபது வருஷமாக ஒரே இரும்புச் சட்டம்.
"பின்னால் ஷாக் வைத்தவனுக்கு வேகம் தெரியும்,
பாதை தெரியாது.
கல் எங்கே இருக்கிறதென்று குதிகால் படிக்கணும்.
தப்பான தடத்தில் போனால் அந்த நொடியே அடி.
அதுதான் பள்ளிக்கூடம்."
நான் தலையாட்டினேன்.
நெரிஸ் சொல்லும்போது எதுவுமே சரியாகத்தான் இருக்கும்.
தன் விவாகரத்தையும் இதே தொனியில்தான் அறிவித்தாள்.

சனிக்கிழமை இரண்டையும் இரவல் வாங்கி
ஸ்லேட் குவாரிக்கு மேலே போனோம்.
மலையை அறுத்து எடுத்த மிச்சம்
இன்னொரு மலையாகக் குவிந்து கிடக்கிற ஊர் இது.

முதலில் ஹார்ட்டெயில்.
ஏற்றத்தில் அது ஒரு சொல்லை வீணாக்கவில்லை.
மிதித்ததெல்லாம் சக்கரத்துக்கே போனது.
இறங்கும்போதுதான் பேசத் தொடங்கியது.
ஒவ்வொரு கல்லும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு
பாதம், முழங்கால், இடுப்பு, பல் என்று
மேலேறி வந்தது.
கீழே வந்து பிரேக்கிலிருந்து விரல்களைப் பிரித்தபோது
ஆறு திருகாணிகளையும் தனித்தனியாக எண்ண முடிந்தது.
ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

பிறகு மற்றது.
மேட்டில் அது தவளை.
மிதிக்க மிதிக்கக் குந்திக் குந்தி எழுந்தது.
இறக்கத்தில்
அதே வேர்கள், அதே கற்கள்,
யாரோ நடுவில் வந்து பாய் விரித்துவிட்டுப் போன மாதிரி.
அலுங்காமல் குலுங்காமல் என்று எழுத மாட்டேன்.
குலுங்கியது,
வேறு யாருக்கோ நடப்பதுபோல் குலுங்கியது.
முதல் முறையாக நெரிஸை முந்தினேன்.
கீழே நின்று யோசித்தால் பாதி வழி ஞாபகமில்லை.
வளைவில் ஒரு செம்மறி நின்றதாம். நான் பார்க்கவில்லை.

"பார்த்தாயா?" என்றாள் நெரிஸ்.

பார்த்தேன்.
இந்த ஊரின் எல்லாக் குழிகளும்
தபால் வேனின் சீட் வழியாக
தினமும் என் முதுகுத்தண்டில் கையெழுத்துப் போடுகின்றன.
ஒரு குழாயைத் திறக்கவே
ஆறு மாதம் படித்தவள் நான்.
இன்னொரு பள்ளிக்கூடம் வேண்டாம்.
ஒரு கல்லாவது என்னிடம் சொல்லாமல் கடந்து போகட்டும்.

கெதின் நேர்மையானவன்; விற்ற பிறகு பயமுறுத்தினான்.
"இந்த மழையில் இந்த மூட்டுகள்
ஒரு குளிர்காலம் தாங்கும், அப்புறம் கிறீச்சிடும்.
பேரிங் மாற்றணும், ஷாக்கைப் பிரிக்கணும்.
ஹார்ட்டெயிலுக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும்."
என் மூட்டுகளும் அப்படித்தான் என்றேன்.
மூன்று தவணையில் தருகிறேன் என்றும் சொன்னேன்.
இரண்டாயிரத்து இருநூறுக்குக் கீழே
அவன் இறங்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழி தார்ச்சாலை, செங்குத்து.
தவளை மறுபடி குந்தத் தொடங்கியது.
ஷாக்கின் பக்கத்தில் சின்னதாக ஒரு நீல லீவர்;
திருப்பினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும்.
திருப்பினேன்.
முன்னால் போன நெரிஸ் திரும்பிப் பார்த்து,
"இப்போது அது ஹார்ட்டெயில்தானே!" என்று கத்தினாள்.
மூச்சு மிச்சமிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பாலத்துக்கு முன்னால், வழக்கமான இடத்தில்,
சாக்கடை மூடி.
அது தன் பெயரைச் சொன்னது.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.